விடுகைப் பத்திரம் வாங்குமுன் கணக்குப் பாருங்கள்

சாதாரணதரப் பெறுபேறு வெளிவந்த மறுவாரத்திலிருந்து எமது சங்கத்தின் கொட்டாஞ்சேனை அலுவலகத்துக்கு வருகிறவர்கள் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதில்லை. சேமலாப நிதியைப் பற்றியும் கேட்பதில்லை. பெறுபேற்றுத் தாளை மேசையில் விரித்து வைத்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சேர், புள்ளைக்கு கெம்பஸ் கெடைக்குமா?"

அப்படி வந்தவர்களில் ஒரு தகப்பனை மறக்க முடியவில்லை. நுவரெலியா மாவட்டத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து இரவு பஸ் ஏறி, விடியற்காலையில் புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து நடந்தே வந்திருந்தார். கூடவே அவருடைய இரண்டாவது மகள். பொலித்தீன் உறைக்குள் அவளுடைய பெறுபேற்றுத் தாள். கணிதம், விஞ்ஞானம், தமிழ் மூன்றிலும் ஏ சித்தி. ஆங்கிலத்தில் மட்டும் சாதாரண சித்தி.

"இவளையும் இங்கேயே சேத்துவிடவா, இல்ல ஊர்லயே படிக்க வைக்கவா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

'இவளையும்' என்ற சொல்லில்தான் விசயம் இருந்தது. மூத்த மகளை ஒன்பதாம் வகுப்பிலேயே கொட்டாஞ்சேனையில் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அவள் கொழும்பில் படித்து, வெள்ளவத்தையில் டியூசனுக்குப் போய், உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் எழுதினாள். மூன்று பாடமும் சித்தி. இசட் புள்ளியும் கேவலமில்லை. அவள் விரும்பிய கற்கைநெறிக்கு நுவரெலியா மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருந்தாள். ஆனால் அவளுடைய மாவட்டம் கொழும்பு. கொழும்பின் வெட்டுப்புள்ளிக்கு அவள் புள்ளி எட்டவில்லை. இன்று புடவைக்கடை ஒன்றில் நிற்கிறாள்.

அந்தத் தகப்பனுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல நம்மால் முடியவில்லை. அவரைப் போல நூற்றுக்கணக்கான பெற்றோர் இதே கேள்வியோடு இருப்பதால் பதிலை இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறோம்.

இசட் புள்ளி என்றால் என்ன?

முதலில் தராசைப் புரிந்துகொள்வோம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்கிற நமக்கு இது விளங்காத சங்கதி அல்ல. மழை பெய்து கொழுந்து பொங்குகிற மாதத்தில், வீ.பீ. தேயிலை மலையில் ஒருவர் 20 கிலோ எடுக்கிறார். கோடை வெயிலில், கிழட்டு விதைத் தேயிலை மலையில் இன்னொருவர் அதே 20 கிலோ எடுக்கிறார். தராசில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் யார் கெட்டிக்காரி என்று கேட்டால் மலையில் நிற்கும் யாரும் இரண்டாமவளைத்தான் காட்டுவார்கள். அன்றைக்கு அந்த மலையில் மற்றவர்கள் சராசரியாக எவ்வளவு எடுத்தார்கள் என்பதை வைத்துத்தான் ஒருவருடைய எடையை மதிக்க வேண்டும்.

இசட் புள்ளி செய்வதும் அதைத்தான். 2001ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இந்த முறை பயன்படுகிறது. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியைக் கழித்து, அதை நியம விலகலால் வகுக்கிறார்கள். நியம விலகல் என்பது புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு. மூன்று பாடங்களுக்கும் இப்படிக் கண்டு, அதன் சராசரியை எடுத்தால் அதுவே அந்தப் பிள்ளையின் இசட் புள்ளி.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 15. பிள்ளை எடுத்தது 70. எனவே 30ஐ 15ஆல் வகுக்க 2. இன்னொரு பாடத்தின் சராசரி 60, நியம விலகல் 10. அங்கேயும் பிள்ளை 70தான். ஆனால் 10ஐ 10ஆல் வகுக்க 1. இரண்டு தாளிலும் எழுபதுதான், ஆனால் பெறுமதி வேறு வேறு.

இதிலிருந்து பெற்றோர் மனதில் வைக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பரீட்சை நடந்து, தாள் திருத்தி முடியும்வரை சராசரியும் தெரியாது, நியம விலகலும் தெரியாது. ஆகவே பரீட்சைக்கு முன்னால், "உங்கள் பிள்ளைக்கு இத்தனை இசட் வரும்" என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. டியூசன் வகுப்பில் முதலாவதாக வந்தாலும் அது அந்த மண்டபத்துக்குள் இருக்கும் நூறு பேருக்குள் முதலிடம். பரீட்சை மண்டபம் நாடு முழுவதும் விரிந்து கிடக்கிறது.

வெள்ளவத்தையில் காலி வீதியிலும் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளிலும் மதில்களைப் பாருங்கள். கொட்டாஞ்சேனைச் சந்திகளிலும் அப்படித்தான். பிள்ளைகளின் படம் போட்ட பதாகைகள், தீவில் முதலிடம், மாவட்டத்தில் முதலிடம் என்று. அவை பொய் என்று நாம் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் படித்துத்தான் வந்தார்கள். ஆனால் அதே வகுப்பில் அதே காசைக் கட்டிய மற்றவர்களின் படத்தை எவரும் மதிலில் ஒட்டுவதில்லை. ஒரு வகுப்பின் தரத்தை அறிய வேண்டுமானால் "போன வருடம் எத்தனை பேர் இருந்தார்கள், அதில் எத்தனை பேர் போனார்கள்" என்று கேளுங்கள். படத்தில் இருக்கிற மூன்று பேரை வைத்து உங்கள் பிள்ளையின் வாய்ப்பை அளக்காதீர்கள்.

நூறு இடங்கள் எப்படிப் பங்கிடப்படுகின்றன?

அடுத்தது மாவட்டம். உயர்தரப் பரீட்சைக்கு ஆண்டுதோறும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தோற்றுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறுகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம் இருக்கிறது. அந்த இடங்களில் மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளின் இடங்கள் மூன்று பங்காகப் பிரிகின்றன.

நூறு இடம் என்று வைத்துக்கொண்டால், 40 இடம் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில் போகிறது. 55 இடம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி போகிறது. மிச்சம் 5 இடம், கல்வியில் பின்தங்கியவை என்று வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகிறது. நமது மக்கள் அதிகம் வாழும் நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் இந்தப் பதினாறில் உண்டு. கண்டி, மாத்தளை, கேகாலை, களுத்துறை, கொழும்பு ஆகியவை இல்லை. கண்டியின் மலைத் தோட்டத்தில் ஆசிரியரில்லாத பாடசாலையில் படிக்கும் பிள்ளையும் கண்டி நகரத்துப் பெரிய கல்லூரியின் பிள்ளையும் ஒரே மாவட்ட வரிசையில்தான் நிற்கிறார்கள்.

மாவட்டம் எது என்பதை வீட்டு விலாசம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் பிள்ளை படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதே அடிப்படை. அந்த மூத்த மகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கொழும்பில் படித்தாள். அவளுடைய அப்பா அம்மா இன்றும் லயத்தில்தான் இருக்கிறார்கள், வாக்காளர் இடாப்பிலும் பெயர் அங்கேதான். ஆனாலும் அவள் கொழும்பு மாவட்டப் பிள்ளையாகவே கணிக்கப்பட்டாள்.

மூன்று ஆண்டுக்குள் இடையில் மாவட்டம் மாறிய பிள்ளைகளுக்குத் தனியான விதிகள் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் மாணவர் அனுமதிக் கைநூலில் அவை எழுதப்பட்டிருக்கின்றன. தமிழிலும் வருகிறது. அந்தப் பகுதியை வாசிக்காமல் எந்தப் பெற்றோரும் விடுகைப் பத்திரம் வாங்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஆணைக்குழுவுக்கு எழுதிக் கேளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் சங்கத்துக் கிளைக்கு வாருங்கள், நாம் எழுதித் தருகிறோம். பக்கத்து லயத்துக்காரர் சொன்னார், டியூசன் சேர் சொன்னார் என்பதை வைத்து ஒரு பிள்ளையின் மூன்று வருடத்தை நகர்த்தக் கூடாது.

அப்படியானால் கொழும்பு வேண்டாமா?

இங்கேதான் அவசரப்பட்டுவிடக் கூடாது. "கொழும்பு வெட்டுப்புள்ளி கூட, நுவரெலியா வெட்டுப்புள்ளி குறைவு, ஆகவே ஊரிலேயே இருக்கட்டும்" என்று சொல்வது சுலபம். அந்தத் தகப்பனுக்கும் அப்படித்தான் சொல்ல வாய் வந்தது. ஆனால் அது அரைக் கணக்கு.

மூத்தவள் எடுத்த அதே இசட் புள்ளியை ஊரில் இருந்தே எடுத்திருப்பாளா? அவள் ஊரில் இருந்திருந்தால் போயிருக்கக்கூடிய பாடசாலையில் அந்த வருடங்களில் இரசாயனவியல் படிப்பிக்க நிரந்தர ஆசிரியர் இருக்கவில்லை என்று தகப்பனே சொன்னார். ஆசிரியர் இல்லாத பாடத்தில் பிள்ளை எப்படிப் புள்ளி எடுப்பது? வெட்டுப்புள்ளி குறைவாக இருக்கும் இடத்தில் பிள்ளையின் புள்ளியும் குறைந்துவிட்டால் இலாபம் எங்கே?

எனவே மாவட்டம் பாதிக் கணக்குத்தான். மறுபாதி, பிள்ளைக்கு முன்னால் கரும்பலகையில் எழுத ஒருவர் நிற்கிறாரா என்பது. இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும். அதற்காகப் பெற்றோர் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகளை வரிசையாகச் சொல்கிறோம்.

ஒன்று, பாடசாலை எந்த வகை? உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் இருப்பது 1ஏபி வகைப் பாடசாலைகளில். 1சி வகையில் கலையும் வணிகமும்தான். இரண்டாம் வகை பதினோராம் வகுப்போடு முடியும். நமது தோட்டங்களுக்குள் இருப்பவை பெரும்பாலும் அதற்கும் கீழே, ஆரம்பப் பாடசாலைகள். பெயரில் வித்தியாலயம், கல்லூரி என்று இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இரண்டு, பலகையில் பிரிவு இருப்பது வேறு, வகுப்பில் ஆசிரியர் இருப்பது வேறு. பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், இணைந்த கணிதம் ஒவ்வொன்றுக்கும் தமிழ்மொழி மூலம் படிப்பிக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, எத்தனை வருடமாக இருக்கிறார் என்று அதிபரிடம் நேரே கேளுங்கள். கேட்பதற்குப் பெற்றோருக்கு உரிமை உண்டு. ஒரு சிறிய வெட்கத்துக்காக இரண்டு வருடத்தை இழக்காதீர்கள்.

மூன்று, அந்தப் பாடசாலையிலிருந்து கடந்த மூன்று தடவைகளில் எத்தனை பேர் அந்தப் பிரிவில் எழுதினார்கள், எத்தனை பேர் மூன்று பாடமும் சித்தியடைந்தார்கள், எத்தனை பேர் பல்கலைக்கழகம் போனார்கள்? முதலாவதாக வந்தவரை மட்டும் கேட்காதீர்கள். நடுவில் நின்ற பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். உங்கள் பிள்ளையும் நடுவில் நிற்கக்கூடும்.

நான்கு, சாதாரணதரத்தில் எத்தனை ஏ என்று எண்ணுவதை நிறுத்துங்கள். எந்தப் பாடத்தில் ஏ என்று பாருங்கள். ஒன்பது ஏ எடுத்த பிள்ளை கணிதத்தைக் கண்டால் பயப்படுமானால் அதைக் கணிதப் பிரிவில் தள்ளுவது பிள்ளைக்குச் செய்யும் உதவியல்ல. விஞ்ஞானம் படித்தால்தான் மரியாதை என்பது நாமே கட்டிக்கொண்ட கயிறு. 2013இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவு இருக்கிறது. வணிகமும் கலையும் இருக்கின்றன. அவற்றிலிருந்து சட்டத்தரணிகளும் கணக்காளர்களும் ஆசிரியர்களும் நிர்வாக சேவை அதிகாரிகளும் வந்திருக்கிறார்கள்.

ஐந்து, வெட்டுப்புள்ளியைப் பார்க்கும்போது ஒரு வருடத்தை மட்டும் பார்க்க வேண்டாம். மூன்று வருடத்தைப் பாருங்கள். அது ஏறும், இறங்கும். பிள்ளை எல்லைக்கோட்டில் நின்றால் 'கிடைக்கும்' என்றும் சொல்ல முடியாது, 'கிடைக்காது' என்றும் சொல்ல முடியாது. அப்படியான பிள்ளைக்கு உயர்தரத்தை மூன்று தடவை வரை எழுத இடமுண்டு. ஆனால் மூன்று பாடச் சித்தியும் ஒரே தடவையில் வர வேண்டும்.

ஆறு, சின்னதென்று விடப்படுபவை. பிள்ளைகள் 'பொது அறிவு' என்று அலட்சியமாக அழைக்கும் பொதுப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். அது இசட் புள்ளியில் சேராது, ஆனால் அது இல்லாவிட்டால் இசட் புள்ளியால் பயன் இல்லை. சில கற்கைநெறிகளுக்குச் சாதாரணதர ஆங்கிலத்திலோ கணிதத்திலோ குறிப்பிட்ட சித்தி கேட்கிறார்கள். வேறு சிலவற்றுக்குப் பல்கலைக்கழகம் தனியாக உளச்சார்புப் பரீட்சை வைக்கிறது, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

ஏழு, விண்ணப்பப் படிவம். கற்கைநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் விருப்ப வரிசைப்படி எழுதும் இடத்தில் நமது பிள்ளைகள் தோற்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஆசையில் மூன்று நான்கை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். தங்கள் புள்ளிக்குக் கிடைத்திருக்கக்கூடிய கற்கைநெறியை எழுதாமலே விட்டிருப்பார்கள். விரும்பியதை மேலே எழுதுங்கள், கிடைக்கக்கூடியதைக் கீழே எழுதுங்கள், இடத்தைக் காலியாக விடாதீர்கள்.

பணக் கணக்கு

கொழும்பு அனுப்புகிறவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 2024 செப்டம்பரில் வர்த்தமானி நிர்ணயித்த 1,350 ரூபா நாட்கூலியை வைத்து, மாதம் 25 நாள் முழுப் பேர் விழுந்தது என்று எடுத்தால் 33,750 ரூபா. சேமலாப நிதிக்கு 8 சதவீதம், 2,700 ரூபா போனால் 31,050. இதுவும் 25 நாள் வேலை கிடைத்து, அரைப் பேர் போடாமல் விட்டால்தான். கணவன் மனைவி இருவரும் உழைத்தாலும் அதற்குள்தான் வீட்டுச் செலவும், மற்றப் பிள்ளைகளும், கோயில், நல்லது கெட்டதும். அதிலிருந்து வெள்ளவத்தையில் போடிங், மூன்று பாடத்துக்கு டியூசன், சாப்பாடு, பஸ் என்று மாதாமாதம் எடுத்தால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. தோடு அடகுக் கடைக்குப் போகும், பிறகு கடன் வரும்.

சொந்தக்காரர் வீட்டில் தங்க வைப்பதும் இலவசமில்லை. அதன் விலையைப் பிள்ளை கொடுக்கிறது. கொட்டாஞ்சேனையில் நமது ஆட்கள் இருக்கும் ஒற்றை அறை வீடுகளில் ஆறு பேர் படுக்கும்போது, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை எங்கே உட்காரும்? சித்தி வீட்டில் இருக்கிற பெண்பிள்ளை பாத்திரம் கழுவி, சின்னப் பிள்ளைகளைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் திறக்கும். சித்தியைக் குறை சொல்லவில்லை. அவரும் கடையில் நின்று களைத்து வருகிறவர். ஆனால் கணக்கில் இதைச் சேர்க்காவிட்டால் கணக்கு பிழைக்கும்.

நமது தலையை எண்ணி வரும் இடங்கள்

இதுவரை சொன்னது ஒரு குடும்பத்தின் கணக்கு. சங்கம் பார்க்க வேண்டிய கணக்கு வேறு.

1945இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டத்துப் பிள்ளைகளின் வாசல்வரை அது வரவில்லை. 1948இல் பிரசாவுரிமையும் போனது. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்து நாடே அதைப் பற்றிக் கொதித்தபோது, நமது பிள்ளைகளில் பெரும்பாலோர் ஐந்தாம் வகுப்போடு முடியும் தோட்டப் பாடசாலைகளில், ஒற்றை மண்டபத்தில், ஒரு வாத்தியாருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பல்கலைக்கழகக் கதவு அகலமா ஒடுக்கமா என்ற சண்டையில் நாம் கதவுப் பக்கமே இல்லை. 1970களின் நடுப்பகுதியிலிருந்துதான் அந்தப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. இன்று நமது பிள்ளைகள் மருத்துவ பீடத்திலும் பொறியியல் பீடத்திலும் இருக்கிறார்கள் என்றால் ஒன்றரைத் தலைமுறை நடந்த தூரம் அது. சிறிய தூரமல்ல.

ஆனால் இதைக் கவனியுங்கள். மாவட்ட ஒதுக்கீடு சனத்தொகைப்படி வருகிறது. நுவரெலியா மாவட்டத்தில் 2012 குடிசன மதிப்பீட்டின்படி பாதிக்கு மேற்பட்டவர்கள் நாம். லயத்து அறைக்குள் நெருங்கிப் படுக்கும் ஒவ்வொரு தலையும் எண்ணப்பட்டுத்தான் அந்த மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்று வருகிறது. அந்த இடங்களில் எத்தனை லயத்துக்குத் திரும்பி வருகின்றன? மாவட்ட வாரியாக எண்ணிக்கை வெளியிடப்படுகிறது. தோட்டப் பாடசாலைகளை ஒரு தனி நிரலாகக் காட்டி வெளியிட வேண்டும் என்பது எமது முதல் கோரிக்கை. எண்ணாத எதையும் எவரும் திருத்த மாட்டார்கள்.

வெளி மாவட்டத்தில் டியூசன் படித்துவிட்டு, குறைந்த வெட்டுப்புள்ளிக்காக மலையகப் பாடசாலைகளில் பெயரை மட்டும் பதிந்து பரீட்சை எழுதுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு பல வருடமாக இருக்கிறது. இதில் எமது நிலைப்பாடு தெளிவானது. எந்த ஊர்ப் பிள்ளையையும் எந்த ஊர் மக்களையும் நாம் பகைக்கவில்லை. வந்து, வகுப்பில் இருந்து, மூன்று வருடம் படிக்கிற பிள்ளை நமது பிள்ளைதான். ஆனால் வரவு இடாப்பில் மட்டும் வாழ்கிற பிள்ளை, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் இடத்தை எடுக்கிறது. விதி ஏற்கெனவே இருக்கிறது. வரவைச் சரிபார்ப்பது வலயக் கல்விப் பணிமனையின் வேலை. அது நடக்க வேண்டும்.

அதே நியாயம் கொழும்புக்கும் பொருந்தும். கொட்டாஞ்சேனையிலும் மோதரையிலும் வாழ்கிற நாட்டாமைத் தொழிலாளியின் பிள்ளையும், கடைச் சிற்றூழியரின் பிள்ளையும், கொழும்பு 7இன் பெரிய கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் பலர் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர்களின் பிள்ளைகள். மாவட்டம் என்பது வறுமையின் அளவுகோல் அல்ல. 1974இல் வரைந்த கோட்டை வைத்து இன்றைய பிள்ளைகளை அளக்கிறோம்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. தமிழ்நாட்டில் 2020இல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேர்விலும் தகுதி பெற்ற மாணவருக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் என்று. அதுவரை விரல்விட்டு எண்ணக்கூடிய அரசுப் பள்ளிப் பிள்ளைகள் போன இடத்துக்கு, அந்த ஆண்டே நூற்றுக்கணக்கானவர்கள் போனார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1997இல் ஒரு சட்டம், ஒவ்வொரு பாடசாலையிலும் முதல் பத்து சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் தந்தது. இரண்டும் மாவட்டத்தை விட்டுப் பாடசாலையைப் பார்த்தன. பிள்ளை எந்த வகுப்பறையில் உட்கார்ந்திருந்தது என்பதைக் கணக்கில் எடுத்தன. மாவட்ட ஒதுக்கீட்டை எடுத்துவிடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அதற்குள் வசதி குறைந்த பாடசாலைகளுக்கு ஒரு பங்கை ஒதுக்குங்கள் என்று கேட்கிறோம். இது எமது இரண்டாவது கோரிக்கை.

மூன்றாவதுதான் மிகவும் அவசரமானது. மலையகத்தின் தமிழ்மொழி மூல 1ஏபி பாடசாலைகளில் விஞ்ஞான, கணித ஆசிரியர் வெற்றிடங்கள் நிரப்பப்பட வேண்டும். மலையகத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் என்ற வாக்குறுதி தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது. வரட்டும். ஆனால் அதற்கு முன் இரசாயனவியலுக்கு ஓர் ஆசிரியரைத் தாருங்கள். ஆசிரியர் வந்தால், கொழும்பா ஊரா என்ற கேள்வியோடு எந்தத் தகப்பனும் இரவு பஸ் ஏற வேண்டியதில்லை.

தோட்டக் கமிட்டிகளுக்கு

கோரிக்கை வைத்துவிட்டுக் காத்திருப்பது சங்கத்தின் பழக்கமல்ல. நாமே செய்யக்கூடியது இருக்கிறது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒருவரைக் கல்விக்குப் பொறுப்பாக நியமிக்க வேண்டும். உயர்தரம் படித்த ஒரு இளைஞனோ யுவதியோ எந்தத் தோட்டத்திலும் இன்று இருக்கிறார். கைநூலின் பிரதி ஒன்று கிளைக் காரியாலயத்தில் இருக்க வேண்டும். சாதாரணதரப் பெறுபேறு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒன்றாக உட்கார வைத்து மேலே சொன்ன ஏழு கேள்விகளையும் கேட்க வேண்டும். உயர்தரப் பெறுபேறு வந்ததும் விண்ணப்பப் படிவத்தை நிரப்ப உதவ வேண்டும். பல்கலைக்கழகம் கிடைத்தவர்களுக்கு மகாபொல, சகாய நிதிப் படிவங்களையும் காட்ட வேண்டும்.

கிடைக்காதவர்களை விட்டுவிடக் கூடாது. நான்கில் மூன்று பேருக்குக் கிடைக்காது என்பதுதான் கணக்கு. அதைப் பிள்ளையின் தோல்வி என்று நாம் பேசுவோமானால், அந்தப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கொழும்புக் கடைகளுக்கும் வீட்டு வேலைக்கும் இறங்கிவிடும். தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன, பத்தனையில் ஸ்ரீபாத கல்லூரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. உயர் தொழில்நுட்ப நிறுவகங்களின் டிப்ளோமாக்கள் இருக்கின்றன, தாதியர் பயிற்சி இருக்கிறது. இவை எதுவும் மட்டமான வழியல்ல.

அந்தத் தகப்பனுக்கு என்ன சொன்னோம் என்று கேட்பீர்கள். இளைய மகளிடம்தான் முதலில் கேட்டோம், உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்று. கணிதம் என்றாள். ஊருக்குப் பக்கத்து நகரத்தில், பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில், இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர்கள் இருக்கும் பாடசாலை ஒன்று உண்டு. இரசாயனவியலுக்கு மட்டும் நிச்சயமில்லை. அதிபரை நேரில் கண்டு கேட்டுவிட்டு வாருங்கள், அதுவரை விடுகைப் பத்திரம் வாங்க வேண்டாம் என்றோம். அந்த ஒரு பாடத்துக்கு விடுமுறையில் மட்டும் கொழும்பில் வகுப்புக்கு வரலாம், மூத்தவள் கூட்டிப் போவாள் என்று தகப்பனே சொன்னார்.

கிடைக்கும் என்று நாம் உறுதி சொல்லவில்லை. கணக்கு முழுதாக முன்னால் இருக்கிறது என்று மட்டும் சொன்னோம். மூத்தவளும் இன்னும் ஒருமுறை எழுதலாம் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. கடைக்குப் போய் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன் என்று எழுந்தார்.

தோழர்களே, ஒரு கிலோ கொழுந்தைத் தராசில் கூடுதலாகக் கழித்தால் நாம் விடுவதில்லை. பிள்ளைகளின் வருடங்களையும் அதே கண்ணோடு பார்ப்போம். பெறுபேற்றுத் தாளோடு கிளைக் காரியாலயத்துக்கு வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள்.